ஆண் கடலும் பெண் கடலும்

ராமேஸ்வரம் போய் வந்தவர்களை "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு தீர்த்தம், நீளமான பிராகாரம், ஈரத்துணியோடு வரிசையில் நின்றது, லாட்ஜில் தண்ணீர் வராதது, இவ்வளவுதான் சொல்வார்கள். கடலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாம் போனது ஒரு தீவுக்கு என்பதே பலருக்கு நினைவில் தங்குவதில்லை. மேற்கே பாம்பனிலிருந்து தென்கிழக்கே தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு அது. சுற்றிலும் கடற்கரைதான். அதில் நாம் பார்ப்பது அக்னி தீர்த்தத்துப் படிக்கட்டை மட்டும்!

நானும் அப்படித்தான் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை கல்யாணமான புதிதில், வேனில் பதினாறு பேராக. இரண்டாவது, மாமனார் காலமானபோது காரியத்துக்காக. மூன்றாவது தடவை 2025 ஜூலையில், நானும் என் கணவரும் மட்டும். இருபத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் ஒரு விசேஷமும் இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போனது இதுதான் முதல் தடவை.

காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பையன் ஜூன் மாதம் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. என் கணவர் விழுப்புரத்தில் பைப்பு, மோட்டார் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு. வந்தாலும் போன் காதிலேயே இருக்கும். பையன் இருந்தவரை அவனைப் பற்றிப் பேசினோம். அவனும் போன பிறகு, ஒரே ரேஷன் கார்டில் பெயர் உள்ள இரண்டு பேர் மாதிரி ஆகிவிட்டோம். போதாததற்கு மார்ச் மாதம் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, தினம் காலையில் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "இரண்டு நாள் கடையை மறந்துட்டு எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்றும் சொல்லியிருந்தார்.

கடல் பார்க்க அவ்வளவு தூரம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மரக்காணம் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. பாண்டிச்சேரி ஒரு மணி நேரம். ஆனால் பாண்டிச்சேரி போனால் மத்தியானத்துக்குள் கடையிலிருந்து போன் வரும், அவர் பஸ் ஏறிவிடுவார்! ராமேஸ்வரம் என்றால் இரவு விழுப்புரத்தில் ரயில் ஏறிப் படுத்தால் காலையில்தான் இறங்க முடியும். அந்தக் காலத்து போட் மெயில் எழும்பூரில் புறப்பட்டு எங்கள் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. 1964-ஆம் வருஷப் புயலோடு தனுஷ்கோடிக்கு ரயில் போவது நின்றது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி தீவுக்குள் ரயில் போகிறது.

திண்டிவனத்தில் கொழுந்தனார் வீட்டில் இருக்கும் மாமியாரிடம் சொன்னதும், "ராமேஸ்வரம் போயிட்டு தீர்த்தமாடாம, கடக்கரையில உக்காந்துட்டு வர்றதாவது!" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே. ஆகவே முதல் நாள் கோயிலுக்கு, இரண்டாம் நாள் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாள் நடந்ததை எழுத வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் அறிந்ததே.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, நாள் முழுவதற்கும் பேசி வைத்திருந்த ஆட்டோ வந்தது. ஓட்டி வந்த தம்பி அந்த ஊர்ப் பையன். "அக்கா, பெண் கடல் பாக்கணுமா, ஆண் கடல் பாக்கணுமா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் ஜலசந்திப் பக்கத்துக் கடலுக்குப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவுக்கு ஆண் கடல் என்றும் அங்கே பெயராம். வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, குளம் மாதிரி கிடக்கும். தெற்குக் கடலோ கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேலும் ஆழம் போகிறது.

"அப்ப பெண் கடலுக்குக் கோபமே வராதா?" என்று என் கணவர் கேட்டார்.

"யாரு சொன்னா? ஐப்பசி, கார்த்திகையில வாடைக் காத்து அடிக்கட்டும், வந்து பாருங்கண்ணே. அப்ப ஆண் கடல் கம்முனு கெடக்கும்" என்றார் தம்பி. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் ஆட்டம் போடும், வடகிழக்குக் காற்றில் வடக்குக் கடல் ஆடும். எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதற்குச் சிறு பிள்ளைக்கும் புரிகிற கணக்கு இது. நாங்கள் போனது ஜூலை. ஆகவே காலையில் பெண் கடல் என்று முடிவாயிற்று.

முதலில் ஓலைக்குடா, பிறகு சங்குமால். இரண்டும் ஊரை ஒட்டிய மீனவர் கரைகள்தான். கடையோ, குதிரைச் சவாரியோ, பலூன் சுடுவதோ கிடையாது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு மேல் ஏறாமல் வெகு தூரம் வரை போகிறது. அலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நான் கால் மணி நேரம் நின்றேன். கணுக்காலில் சின்னச் சின்ன மீன்கள் வந்து முட்டின. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிப் பை மாதிரி மிதக்கும் ஜெல்லி மீனை அங்கே சொறி என்கிறார்கள். பட்டால் எரிச்சல் எடுக்கும். பட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீரை ஊற்றவும் கூடாது. கடல் தண்ணீராலேயே அலசிவிட்டு, எரிச்சல் தணியாவிட்டாலோ மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சங்குமாலில் படுதா கட்டிய நிழலில் ஏழெட்டுப் பெண்கள் மணலில் உட்கார்ந்து, கயிற்றில் எதையோ பூக்கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கடல் பாசி! மூங்கிலைச் சதுரமாகக் கட்டித் தெப்பமாக்கி, அதில் பாசித் துண்டு முடிந்த கயிறுகளைக் கட்டிக் கடலில் மிதக்க விடுகிறார்கள். நாற்பத்தைந்து நாளில் பல மடங்காக வளர்ந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி ஒன்று கொண்டுவந்த ரகமாம். அதனால் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயர். அதிலிருந்து எடுக்கும் கூழ்ப் பொருள் ஐஸ்கிரீமிலும் டூத் பேஸ்டிலும் சேர்கிறது. நாம் காலையில் பல் விளக்குவதில் இந்தப் பெண்களின் கைக்கும் பங்கு உண்டு.

"நாள் முழுக்க இப்படிக் குனிஞ்சு உக்காந்தா இடுப்பு வலிக்காதா?" என்று ஓர் அம்மாளைக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு அது வலிக்கும், நாம பாட்டுக்கு நாம கட்டுவோம்" என்று சிரித்தார்.

இதைவிடக் கடினமான வேலை ஆண் கடல் பக்கத்தில் நடக்கிறதாம். அங்கே பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். நாம் கடல்பாசி, சைனா கிராஸ் என்று வாங்கிக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோமே, அதற்கான மரிக்கொழுந்துப் பாசி அப்படி வருவதுதான். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் ஸீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்துக் கௌரவித்தது. கடல் வளம் அழியாமல் இருக்க, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது என்று அந்தப் பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். படித்தவர்கள் போடும் தீர்மானம் கூட இப்படி நிறைவேறுவதில்லை!

அங்கேயே ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த இட்லியைப் பிரித்தேன். சாப்பிட்டு முடித்ததும், "மாத்திரை?" என்றேன். அவர் கடலைப் பார்த்தார். "அறையில இருக்கு" என்றார். மருந்துப் பையை நான்தான் கைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். எடுத்துப் பார்த்தால், ஜூன் மாதம் வாங்கிய அட்டையில் மூன்று மாத்திரைதான் குறைந்திருந்தது.

"என்னங்க இது?"

"தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. எதுக்குச் சும்மா மாத்திரை? ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுன்னு கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னாரு."

வீட்டில் நடந்திருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருப்பார். அங்கே அவருக்குப் போக இடமில்லை. சுற்றிலும் கடல்! ஆட்டோ தம்பியிடம் சொன்னேன். ஊருக்குள் ஒரு சிறிய கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். ஒரு லேடி டாக்டர் இருந்தார். வந்தவுடனே கையில் பட்டையைச் சுற்றிவிடவில்லை. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணிக்குள் காபி குடித்திருக்கக் கூடாது என்று சொல்லி, இரண்டு தடவை பார்த்தார். 164-க்கு 102.

"தலைவலி வந்தாத்தான் பிரஷர்னு யார் சார் சொன்னது? நிறையப் பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அதான் இதுல ஆபத்து. மாத்திரை சாப்பிடறதால குறைஞ்சு இருக்கிறதை, குணமாயிடுச்சுன்னு நினைச்சு நிறுத்திடறாங்க" என்றார். அதே மாத்திரையை அன்றைக்கே தொடங்கச் சொல்லி, ஊருக்குப் போனதும் ஒரு வாரத்துக்குள் எங்கள் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ நேரம் கடத்தாமல் 108-க்குப் போன் செய்யுங்கள் என்றார். வெயில் தாழ்ந்த பிறகுதான் சுற்ற வேண்டும் என்றும் கட்டளை.

ஆக, காலையிலேயே போகவிருந்த தனுஷ்கோடியை மாலைக்குத் தள்ளினோம். பதினோரு மணி முதல் மூன்றரை வரை லாட்ஜ் அறைதான். அவர் போனை அணைத்து மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தார். நான் துணியை அலசி உலர்த்தினேன். கடல் தண்ணீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் உடுத்தினால் தொடை இடுக்கில் புண்ணாகிவிடும். பிறகு நானும் படுத்தேன். பகலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்துக் கிடந்தது எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

வெகு நேரம் கழித்து அவராகவே பேசினார். "இதே ஊர்லதான அப்பாவுக்குக் காரியம் பண்ணோம். பிரஷர்ல பக்கவாதம் வந்து, அறுபத்து மூணு வயசுல போனாரு. அந்த மாத்திரையைக் கையில எடுத்தாலே அப்பா கட்டில்ல கெடந்த மூணு மாசம் ஞாபகம் வருது. அதைப் போட்டா நானும் அந்த வரிசையில நின்னுட்ட மாதிரி இருக்கு."

கடைக்கு வந்தவர் சொன்னதெல்லாம் சும்மா. பயம்! இந்தப் பயத்தை நாலு மாதமாக மனதில் வைத்துக்கொண்டு பைப்புக்கும் பெண்டுக்கும் பில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மாமாவுக்குப் படுத்த பிறகுதானே பிரஷர் இருந்ததே தெரிஞ்சுது. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் எழுப்பும்வரை தூங்கினார்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மணலும் சவுக்கும்தான். முகுந்தராயர் சத்திரத்தோடு பழைய பாதை நின்றுவிடும். முன்பு அங்கிருந்து ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கித்தான் போக வேண்டும். 2017 ஜூலையில் அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச் சாலை போட்டுத் திறந்துவிட்டார்கள். வலது பக்கம் ஆண் கடல் சாலையோரக் கல்லில் மோதி நுரை கக்குகிறது. இடது பக்கம் பெண் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நடுவில் நம் ஆட்டோ. அந்தக் காட்சியை நான் என்னவென்று எழுதுவது!

தனுஷ்கோடி ஊர் இருந்த இடத்தில் பவளக் கல்லால் கட்டிய மாதா கோயிலின் சுவர்களும், ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. அதில் இருந்த நூறு பேருக்கும் மேல் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தச் சமயம் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்து தப்பினார்கள் என்பது பழைய பத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கேயே இருக்கின்றன.

குடிக்கத் தண்ணீர்? அதுதான் ஆச்சரியம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஒரு பெண் குழிக்குள் உட்கார்ந்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். மணலில் இறங்கும் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைந்ததால் மேலே தங்கிவிடுகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். "அவசரப்பட்டு அள்ளுனா கலங்கிப் போகும், மெதுவாத்தான் மொள்ளணும்" என்றார் அந்தப் பெண். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பி வழியும்வரை டி.வி. பார்க்கிறவர்கள் இல்லையா நாம்!

அரிச்சல்முனையில் அசோகச் சின்னம் வைத்த தூணைச் சுற்றி வாகனங்கள் திரும்புகின்றன. அதற்கப்பால் மணல் முனை. எதிரே தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு கடலும் சேரும் இடம் என்பதால் நீரோட்டம் இழுக்கும். கால் நனைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஆடி மாதக் காற்றில் மணல் ஊசி மாதிரி முகத்தில் அடிக்கிறது. குடையை விரித்தேன், அது புடைத்துத் திரும்பிக்கொண்டது. அதைப் பார்த்து என் கணவர் சிரித்த சிரிப்பை வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன். பொழுது சாய்ந்தால் அங்கே இருக்க விடுவதில்லை. அதுவரை மணலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பையனைப் பற்றி இரண்டு வார்த்தை, கடைக்கு ஓர் ஆள் வைத்து ஞாயிற்றுக்கிழமை மூடுவது பற்றிக் கொஞ்சம், மற்றபடி பேச்சில்லை. பேசாமல் இருந்ததில் இந்தத் தடவை சங்கடம் இல்லை.

போகிற சகோதரிகளுக்கு இன்னும் சில சமாசாரங்கள். ஊருக்குக் கொண்டுவர என்று பவளத் துண்டுகளைப் பொறுக்காதீர்கள். 1972-ஆம் வருஷ வன உயிர்ச் சட்டப்படி குற்றம். தண்ணீர் பாட்டில் நிறைய எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புப் போட்ட மோரையும் உப்புக் கரைசல் பொட்டலத்தையும் டாக்டரைக் கேட்காமல் ஜூஸ் மாதிரி குடிக்கக் கூடாது. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பிரயாணத்தில் இரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரை வாங்க வழியில்லை என்பதற்கும் இப்போது இடமில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கி, கப்பல் போவதற்காக நடுவில் மேலே தூக்கும்படி கட்டிய புது ரயில் பாலத்தைப் பார்த்தோம். 1897-இல் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகாலையும் பார்த்தோம். அங்கே ஆண் கடல் சற்று அடங்கி, படகுகளைத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது சாலையோரமெல்லாம் கருவாடு. நெத்திலி, சாளை, வாளை என்று பரப்பி வைத்திருந்தார்கள். என் கணவருக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தமாக ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடோ உப்பிலேயே ஊறியது. அவர் பையை எடுத்துக்கொண்டு கடை வரை போனார், என்னைத் திரும்பிப் பார்த்தார், திரும்பி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். திண்டிவனத்து அத்தைக்கு மட்டும் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதில் அவருக்குப் பிரஷரும் இல்லை, சர்க்கரையும் இல்லை.